ஒதுக்கி வைத்த அறை ஆறே வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது: எங்கே தப்பு?

ஒட்டடைக்கோல் கேட்டது:

வணக்கம். இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, ஒரு சின்ன சாமான் அறை. நான்கு பேர் புழங்கும் வீடு. வருடத்துக்கு மூன்று தடவை எல்லா அறையையும் ஒழித்து ஒதுக்கியாகிறது. ஆறு வாரம் போனால் மேசை மேலும் நாற்காலி மேலும் கட்டிலுக்கு அடியிலும் பழையபடி சேர்ந்துவிடுகிறது. இந்த முறையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்பதால் அளவுகளோடு கேட்கிறேன்.

துணி அலமாரி: உள் அகலம் 110 செ.மீ., ஆழம் 50, உயரம் 200. குறுக்கே ஒரே கம்பி, அதுவும் நடுவில் தொங்கிவிட்டது. கதவைச் சாத்தினால் சட்டைக் கை மாட்டுகிறது.

புத்தகத் தட்டு: 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, 95 செ.மீ. நீளம். நடுவில் வில் மாதிரி வளைந்திருக்கிறது.

காகிதம் மூன்று அட்டைப்பெட்டி. சார்ஜரும் வயருமாக ஒரு இழுப்பறை. பரணில் பழைய கம்பளி உடைகளும் போட்டோ ஆல்பங்களும்.

மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒரு டஜன் வாங்கி எல்லாவற்றையும் போட்டு அடுக்கிவிடலாம் என்று யோசனை. எந்த அளவு வாங்கலாம்? எந்த அறையில் தொடங்கலாம்?

தட்டுமுட்டு எழுதியது:

பெட்டி வாங்குவது கடைசி வேலை. முதலிலேயே வாங்கினால் கழிக்க வேண்டியதும் மூடிக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். கழித்து முடித்துவிட்டு எண்ணினால் பன்னிரண்டு என்று நினைத்தது ஐந்தாறில் நின்றுவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. மேசையிலும் நாற்காலியிலும் சேரும் குவியலை இந்த வாரம் தொடாமல் விடுங்கள். மூன்று நாள், அதில் என்னென்ன வந்து விழுகிறது என்று மட்டும் எழுதி வையுங்கள். பத்துப் பதினைந்து வகைக்குள் அடங்கிவிடும்: சாவி, இன்னும் ஒருமுறை உடுத்தக்கூடிய சட்டை, பிரிக்காத கடிதம், கத்தரிக்கோல், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, யாருக்கோ திருப்பித் தரவேண்டிய பொருள். பிறகு ஒவ்வொன்றுக்கும் வீட்டில் இடம் உண்டா என்று பாருங்கள். சிலவற்றுக்கு இடமே இருக்காது. சிலவற்றுக்கு இடம் இருக்கும், ஆனால் அங்கே கொண்டுபோய் வைக்க ஐந்தாறு காரியம் செய்தாக வேண்டும். குவியல் பிறப்பது இந்த இரண்டில்தான். சோம்பலுக்கு அதில் பங்கு குறைவு.

ஐந்தாறு காரியம் என்றால் என்ன? கதவைத் திற, மேல் பெட்டியை இறக்கு, கீழ்ப் பெட்டியின் மூடியைக் கழற்று, பொருளை வை, மூடு, மறுபடி மேலே ஏற்று. பொருள் தேவைப்படும்போது இத்தனையும் செய்து எடுத்துவிடுவோம், காரியம் ஆகவேண்டுமே. திரும்ப வைக்கும்போது அந்த உந்துதல் இருக்காது. எனவே எடுப்பதைவிட வைப்பது சுலபமாக இருக்க வேண்டும். தினமும் புழங்குவதற்கு ஒரே அசைவு: கொக்கி, திறந்த தட்டு, வாய் திறந்த கூடை. வாரத்துக்கு ஒருமுறை எடுப்பதற்கு இழுப்பறை. மூடி போட்ட பெட்டி, மாதக்கணக்கில் தொடாதவற்றுக்கு மட்டும். பெட்டிமேல் பெட்டி, வருடத்துக்கு ஒருமுறை இறக்குபவற்றுக்கு மட்டும். நீங்கள் நினைத்தபடி எல்லாவற்றையும் மூடிக்குள் போட்டால் ஆறு வாரம்கூடத் தாங்காது.

நாற்காலியில் விழும் சட்டைக்கு: கதவின் பின்புறம் ஆளுக்கு மூன்று கொக்கி, தரையிலிருந்து 160 முதல் 170 செ.மீ. சிறுவர்களுக்கு அவரவர் தோள் உயரம். மூன்றுக்கு மேல் அடிக்காதீர்கள், கதவே இன்னொரு அலமாரியாகிவிடும்.

உயரத்தைப் பொறுத்தவரை, நடுத்தொடைக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதி, ஏறத்தாழ 70 முதல் 150 செ.மீ., தினசரிப் பொருளுக்கு. அதற்குக் கீழே கனமானவை. தலைக்கு மேலே லேசானவை, எப்போதாவது எடுப்பவை. இந்தப் பொன்னான பகுதியில் பல வீடுகளில் தொடாத கண்ணாடிச் சாமான்கள் அழகுக்கு நிற்கும், தினமும் எடுக்கும் வாணலி குனிந்து எடுக்கும் இடத்தில் கிடக்கும். முதலில் அதை மாற்றுங்கள்.

இனி வேலை. அறையை முழுக்கக் கொட்டிப் போடாதீர்கள். ஒரு தட்டு அல்லது ஒரு இழுப்பறை, அவ்வளவுதான். கொட்டியது இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப உள்ளே போயாக வேண்டும். பலருக்கு வேலை பாதியில் நிற்பது இங்கேதான்: இரவு படுக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் அள்ளித் திணிப்பார்கள், மறுநாள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

பக்கத்தில் நான்கு கூடை: இங்கேயே இருப்பது, வேறு அறைக்குப் போவது, வீட்டைவிட்டுப் போவது, சந்தேகம். வேறு அறைக்குப் போவதை நடுவில் எழுந்து கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். போன இடத்தில் வேறொரு வேலை கண்ணில் படும், திரும்ப வரமாட்டீர்கள். கடைசிப் பத்து நிமிடம் அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகக் கூடையை ஒரு பெட்டியில் போட்டு டேப் ஒட்டி அன்றைய தேதியை மேலே எழுதுங்கள். ஆறு மாதம். அதற்குள் தேடி உடைக்கவில்லை என்றால் அது வீட்டைவிட்டுப் போகலாம். பருவத்துக்கு ஒருமுறை புழங்கும் பொருளுக்கு மட்டும் பன்னிரண்டு மாதம். ஆவணம் எதையும் இந்தப் பெட்டியில் போடாதீர்கள். வீட்டைவிட்டுப் போவது என்று முடிவானதை ஏழு நாளுக்குள் வெளியேற்றிவிட வேண்டும். சாமான் அறையில் வைத்தால் அங்கேயே வேர்விடும். வாசலுக்குப் பக்கத்தில், காலில் இடறும் இடத்தில் வையுங்கள்.

வரிசை: மருந்துப் பெட்டி, குளியலறை, சமையலறை, துணி, வயர், காகிதம், கடைசியில் போட்டோ. மருந்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அங்கே காலாவதித் தேதி உங்களுக்காக முடிவெடுத்துவிடும், கை பழகும். (மருந்தைக் குளியலறையில் வைக்காதீர்கள், ஈரமும் சூடும் கெடுக்கும். காலாவதியானதைச் சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். திரும்பப் பெறும் மருந்தகம் இருந்தால் அங்கே கொடுங்கள்.) போட்டோவில் தொடங்கினால் அன்றைய நாள் அந்த ஆல்பத்தோடு முடிந்தது.

கடைசியாக, எந்தத் தட்டையும் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நிறைந்த தட்டில் ஒன்றை வைக்க இரண்டை நகர்த்த வேண்டும். அங்கே மறுபடி அசைவுக் கணக்கு ஏறிவிடுகிறது.

மரத்தூள் எழுதியது:

அலமாரி, தட்டு சமாச்சாரம் மட்டும் நான் சொல்றேன்.

கை மாட்டுறதுக்குக் காரணம் ஆழம். சாதாரண ஹேங்கர் 42லிருந்து 45 செ.மீ. அகலம். அதுமேல சட்டை போட்டா தோளும் கையும் ரெண்டு பக்கமும் பிதுங்கும், அதனால உள் ஆழம் 55லிருந்து 60 வேணும். உங்ககிட்ட 50தான் இருக்கு. அலமாரியை மாத்த வேண்டாம். ரெண்டு வழி இருக்கு. சின்ன ஹேங்கர், 36-38 செ.மீ. வாங்கலாம். ஆனா அகலத் தோள்காரங்க சட்டையில ஹேங்கர் நுனி கையில முட்டி மேடு விழும். இல்லேன்னா குறுக்குக் கம்பியைக் கழட்டிட்டு, முன்னால இழுத்து வர்ற கம்பி மாட்டுங்க. அது மேல்தட்டுக்கு அடியில, பின்னாலிருந்து முன்னால ஓடும். சட்டை எல்லாம் உங்களைப் பார்த்து நிக்கும். 110 அகலத்துல அப்படி ரெண்டு கம்பி தாராளமா வரும். ஒவ்வொண்ணுலயும் கம்மியாத்தான் தொங்கும், அதையும் சொல்லிடறேன்.

குறுக்குக் கம்பியே போதும்னா, 90 செ.மீ.க்கு மேல போனா நடுவுல மேல்தட்டுலேர்ந்து ஒரு தாங்கி கட்டாயம். உங்க கம்பி வளைஞ்சதுக்கு இது இல்லாததுதான் காரணம். வளைஞ்ச கம்பியைத் திருப்பிப் போட்டா மறுபடி வளையும், புதுசு போடுங்க. 25 மி.மீ. ஸ்டீல் குழாய், குழாயோட தகடு கனமா பார்த்து வாங்குங்க.

உயரம் 200 இருக்கு, ஒரே கம்பி போட்டுப் பாதியை வீணாக்கறீங்க. சட்டைக்குத் தொங்க 95லிருந்து 100 செ.மீ. போதும். அலமாரியை நடுவுல ஒரு செங்குத்துப் பலகை போட்டு ரெண்டாப் பிரிங்க. ஒரு பாதியில மேலும் கீழுமா ரெண்டு கம்பி, கீழ்க் கம்பி 95ல, மேல்க் கம்பி 190ல. மறுபாதியில நீள உடுப்புக்கு 150லிருந்து 160 விட்டு ஒரு கம்பி, அதுக்கு மேல ஒரு தட்டு. செங்குத்துப் பலகை வந்துட்டா கம்பி தொங்கற பிரச்சினையும் தானாப் போயிடும்.

மடிச்சு வைக்கிற தட்டுக்கு இடைவெளி 25லிருந்து 30 செ.மீ. அதுக்கு மேல அடுக்கினா அடியில இருக்கறதை உருவும்போது மேல இருக்கறது சரியும்.

புத்தகத் தட்டு. ஒரு மீட்டர் நிறைய புத்தகம்னா 25லிருந்து 35 கிலோ வரும், பெரிய சைஸ் புத்தகம்னா இன்னும் கூட. 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டுக்கு 60 செ.மீ.தான் நல்லது. மீட்டருக்கு அதே பாரம்னா தொய்வு நீளத்தோட நாலாம் மடங்குல ஏறும். அதனால நடுவுல ஒரு செங்குத்துத் தாங்கல் கொடுத்து 95ஐப் பாதியாக்கினா தொய்வு பதினாறுல ஒரு பங்குக்கு இறங்கிடும். தாங்கல் ஒவ்வொரு தட்டுக்கும் நேருக்கு நேர் கீழ்வரை வரணும், ஒண்ணுல மட்டும் வச்சா பாரம் அடுத்த தட்டு நடுவுல போய் உக்காரும். தாங்கல் பிடிக்கலேன்னா முன் ஓரத்துக்கு அடியில 40 மி.மீ. உயரம், 18 மி.மீ. கனத்துல ஒரு கெட்டி மர ரீப்பரைப் பசை போட்டுத் திருகி ஒட்டுங்க. பாரத்துல பெரும்பங்கை அப்புறம் அந்த ரீப்பர்தான் தாங்கும்.

உயரமான அலமாரி எல்லாத்தையும் சுவரோட பிணைங்க, குறிப்பா இழுப்பறை உள்ளதை. மூணு இழுப்பறையை ஒரே நேரத்துல இழுத்தாலோ, குழந்தை ஒண்ணுல கால் வச்சு ஏறினாலோ எடை முன்னால வந்து சாயும். மேல் மூலைக்கு ஒண்ணா ரெண்டு எல் பட்டை. திருகு சிமெண்டுப் பூச்சுல மட்டும் நிக்கக் கூடாது. பூச்சு 15 மி.மீ. இருந்தா 40 மி.மீ. திருகுல செங்கலுக்குள்ள போறது 25 கூட இருக்காது, ஏன்னா பட்டை கனமும் அதுலயே கழியும். 50 மி.மீ. திருகு, நீளமான பிளக் (சுவர்த் துளைக்குள்ள திருகைப் பிடிக்கிற பிளாஸ்டிக் குழல்) போடுங்க. சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேல, நேர் கீழ துளை போடாதீங்க, வயர் அந்த வழியாத்தான் போகும்.

வெளிச்சுவர் ஓரம்னா பின்னால 5 செ.மீ. காத்து இடம் விடுங்க. ஒட்டி வச்சா சுவர் ஈரம் போக வழியில்லாம பின்பலகையில பூஞ்சை பூக்கும்.

ஒட்டடைக்கோல் எழுதியது:

நன்றி. வளைந்த பலகையைத் திருப்பிப் போட்டு, நடுவில் தாங்கல் கொடுத்தால் நேராகுமா? காகிதத்துக்கும் வயருக்கும் யாராவது சொல்லுங்களேன். எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்துவிட்டு எறிந்துவிடலாமா?

மரத்தூள் எழுதியது:

திருப்பிப் போடலாம், தாங்கல் இருந்தா பாரம் ஏறினதும் ஓரளவு நேராகும். ஆனா ஓரத்துல விரிசலோ, ஈரம் பட்டு உப்பலோ இருந்தா தூக்கிப் போடுங்க. உப்பின பார்ட்டிகிள் போர்டு திரும்ப இறுகாது, திருகும் பிடிக்காது.

பழையதாள் எழுதியது:

ஸ்கேன் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். மூன்று பெட்டிக் குப்பை கணினிக்கு இடம் மாறும், அங்கே தேடுவது இன்னும் கஷ்டம். முதலில் கழியுங்கள், எஞ்சியதில் ஒரு பங்கை ஸ்கேன் செய்யுங்கள்.

முதல் சுற்றில் எதையும் படிக்காதீர்கள். ஒரு தாளுக்கு ஐந்து வினாடி. நான்கு அடுக்கு. ஒன்று, தொலைந்தால் வேறு வாங்க அலைய வேண்டிய மூலங்கள்: பிறப்பு, திருமணச் சான்றுகள், சொத்துப் பத்திரம், படிப்புச் சான்றிதழ், உயில். இரண்டு, குறிப்பிட்ட காலம் வைத்திருந்தால் போதும் என்பவை: வரி, வங்கி, உத்தரவாத அட்டை. மூன்று, இந்த மாதம் ஏதாவது செய்ய வேண்டியவை. நான்கு, மற்றதெல்லாம். நான்காவதுதான் மலைபோல உயரும். கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் தயாரிப்பாளரின் தளத்திலேயே கிடைக்கும். மாடல் எண்ணை மட்டும் கருவியின் அடியிலிருந்து படம் எடுத்துவைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது அடுக்கில் எதை எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்பது உங்கள் நாட்டு வரிச் சட்டத்தைப் பொறுத்தது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமானது வேறு: உறையில் போடும்போதே, அதன் மேல் கிழிக்கும் வருடத்தை எழுதிவிடுங்கள். ‘2032 டிசம்பரில் கிழிக்கலாம்’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கு உறையைப் பிரித்துப் படித்து யோசிக்க வேண்டியதில்லை. இதைச் செய்யாததால்தான் காகிதம் பெட்டி பெட்டியாகச் சேர்கிறது.

படுக்கைவாட்டில் அடுக்காதீர்கள். அடியில் இருப்பது இல்லாததற்குச் சமம். செங்குத்தாக, நிற்கும் கோப்புகளில். 80 கிராம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் 5 செ.மீ. கனம், இரண்டரைக் கிலோ. இந்தக் கணக்குப்படி 30 லிட்டர் பெட்டியை நெருக்கமாகத் தாளால் நிரப்பினால் 24 கிலோ வரும், இடுப்பு போய்விடும். காகிதத்துக்குப் பெரிய பெட்டியே கூடாது.

ஒதுக்கும்போது ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள், நாளாவட்டத்தில் உருகிப் பிசினாகத் தாளில் ஒட்டும். ஈரமான இடத்தில் ஸ்டேப்பிள் பின் துருவேறிக் கறை விடும். மூல ஆவணத்தை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் மை சேதமாகலாம், பிரிக்கவும் முடியாது, சில அலுவலகங்கள் ஏற்கவும் மாட்டா. ரசீதுகளில் வழவழப்பாக இருக்கும் தெர்மல் தாள் சூட்டிலும் பிளாஸ்டிக் உறையிலும் வெளுத்து எழுத்தே மறையும். உத்தரவாதத்துக்கு வேண்டிய ரசீதை அன்றே படம் எடுத்துவிடுங்கள் அல்லது நகலெடுங்கள்.

ஸ்கேன் என்றால் 300 டிபிஐ போதும். கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி முதலில் வரட்டும்: 2024-03-15-வீட்டுவரி. அப்போதுதான் தானாகக் காலவரிசையில் நிற்கும். நாளை முன்னால் போட்டால் எல்லா வருடத்து முதல் தேதிகளும் ஒன்றாகக் கலந்துவிடும். பிரதி இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

கத்தரிச்சகாயம் எழுதியது:

பெயரும் கணக்கு எண்ணும் உள்ள தாளைக் கிழிக்க இயந்திரம் வாங்குவதாக இருந்தால், நீள நீளமாக நாடா போல் வெட்டுவதை வாங்காதீர்கள், ஒட்டிப் படிக்க முடியும். குறுக்கும் நெடுக்கும் வெட்டுவதே நல்லது. ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், வீட்டு இயந்திரங்களில் பல சில நிமிடத்தில் சூடேறி நின்றுவிடும், ஆறவிட்டுத்தான் தொடர வேண்டும்.

அடாப்டர் எழுதியது:

வயர் இழுப்பறை. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, முதலில் அடாப்டரையும் கேபிளையும் பிரியுங்கள்.

அடாப்டரில் பார்க்க வேண்டியது சுவரில் செருகும் பக்கத்து எண் அல்ல, வெளியீடு என்று போட்டிருக்கும் வரி. கருவி கேட்கும் வோல்ட்டும் அதன் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கருவி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருந்தால் அடாப்டர் சூடாகும், கருவி அணைந்து அணைந்து எரியும். உருளை முனை உள்ளவற்றில், நடுப்புள்ளி நேர்மின்னா எதிர்மின்னா என்று ஒரு சிறு வட்டப்படம் இருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும். டிசி (நேர்மின்னோட்டம்) கேட்கும் கருவிக்கு ஏசி (மாறுமின்னோட்டம்) வெளியீட்டு அடாப்டரைச் செருகினால் கதை முடிந்தது. முனை பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பிச் செருகாதீர்கள்.

எந்தக் கருவிக்கு என்று தெரிந்ததில் பெயரெழுதி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கேபிள் என்றால் இரண்டு முனையிலும். தெரியாததை ஒரு பையில் போட்டுத் தேதியெழுதி, தட்டுமுட்டு சொன்ன சந்தேகப் பெட்டிக்கு அனுப்புங்கள். ஒரே வகை யூஎஸ்பி கேபிள் ஆளுக்கு ஒன்று, உபரியாக இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளும் உண்டு, தரவு போகாது. கணினியில் செருகிப் பார்த்து அதையும் தனியாகக் குறித்துவிடுங்கள். சுருட்டும்போது அடாப்டர் உடம்பைச் சுற்றி இறுக்காதீர்கள், வயர் நுழையும் கழுத்தில்தான் உள்கம்பி அறும். கை அகல வளையமாகச் சுருட்டி ஒட்டு நாடா.

அந்த இழுப்பறையில் பேட்டரியும் கிடக்கும் என்று நினைக்கிறேன். சில்லறைக் காசு, சாவி, பின் இவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது. 9 வோல்ட் பேட்டரியின் இரு முனையும் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஒரு ஜெம் கிளிப் பட்டாலே குறுக்கு மின்னோட்டம் ஓடிச் சூடேறும். முனையில் டேப் ஒட்டுங்கள். பொத்தான் பேட்டரி சிறுவர் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரிக்கத் தொடங்கிவிடும், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். வீங்கிய போன் பேட்டரி அல்லது பவர் பேங்க் இருந்தால் அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் போடாமல், தீப்பிடிக்கும் பொருளிலிருந்து விலக்கி வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

பழைய ரிமோட்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஆல்கலைன் பேட்டரி கசிந்தது. பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணி, பிறகு காயவிட்டால் பல நேரம் உயிர் வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டைமுடிச்சு எழுதியது:

பரண் கம்பளிக்கு வேக்குவம் பை போதும் நண்பரே. உள்ளே நாலு அந்துருண்டை போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டால் வருடக்கணக்கில் மறந்துவிடலாம்.

இழைநூல் எழுதியது:

இதில் இரண்டு இடத்தில் மாறுபடுகிறேன்.

அந்துருண்டை என்று நாம் போடும் நாப்தலின் நேராக ஆவியாகிறது. பைக்குள் அடைத்தால் துணியில் ஊறி, வெளியே எடுத்து நாள் கணக்கில் காற்றாட விட்டாலும் வாடை போகாது. சில வகைப் பிளாஸ்டிக்கையும் இளக்கும், பொத்தான் கொழகொழத்துப் போவது இதனால்தான். அதைவிட முக்கியம், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு அந்த வாடை ஊறிய துணி போர்த்தினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். கைக்குழந்தை புழங்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

வேக்குவம் பை இடத்தை மிச்சப்படுத்தும், உண்மை. ஆனால் துளி ஈரம் இருந்தாலும் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். இறகு அடைத்த மெத்தையும் கோட்டும் மாதக்கணக்கில் நசுங்கினால் பழைய உப்பல் திரும்பாது. தோல் பொருளில் மடிப்பு நிலைத்துவிடும். மடிக்கக்கூடிய பருத்திப் போர்வை, செயற்கை இழைத் தலையணை போன்றவற்றுக்கு ஆறு மாதம் வைக்கலாம், அவ்வளவுதான்.

கம்பளியைத் தின்பது பறக்கும் அந்து இல்லை, அதன் புழு. வியர்வையும் கறையும் உள்ள இடத்தைத் தேடிப் போகும். எனவே துவைத்து, துளி ஈரமும் இல்லாமல் காயவைத்து, இறுக்க மூடும் பெட்டியில் வைப்பதே பாதி வேலை. ஓட்டை தெரிந்த உடை என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், குளிர்ந்த துணி மேல் காற்றின் ஈரம் வேர்க்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள்.

பரணைப் பற்றி ஒரு வார்த்தை. கூரைக்கு அடியில் என்பதால் வீட்டிலேயே அதிகம் சூடேறுகிற இடம் அதுதான். போட்டோ, மெழுகு, பேட்டரி, குறுந்தகடு எதையும் அங்கே ஏற்றாதீர்கள். ஆல்பத்தை இறக்கிப் படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். பசைக்கோடு போட்ட அட்டையில் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டும் பழைய வகை ஆல்பம் என்றால், படங்களை இப்போதே எடுத்துவிடுவது நல்லது, பசை மஞ்சளித்துப் படத்தோடு இறுகும். இழுத்துப் பிய்க்காமல், பல்லிடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு அறுப்பதுபோல மெல்ல நகர்த்துங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுங்கள். புதிய உறை பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று பார்த்து வாங்குங்கள், பிவிசி வேண்டாம்.

மூட்டைமுடிச்சு எழுதியது:

குழந்தை விஷயம் எனக்குத் தோன்றவில்லை. சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பழையதாள் எழுதியது:

யாரும் சொல்லவில்லை, சேர்த்துவிடுகிறேன்: நான்கு பேர் வீடு என்றால் அடுத்தவர் பொருளை அவர் இல்லாதபோது கழிக்காதீர்கள். ஒருமுறை அப்படி ஏதாவது காணாமல் போனால், பிறகு எதைக் கேட்டாலும் ‘வேண்டும்’ என்றுதான் பதில் வரும். அவரவர்க்கு ஒரு தட்டு, அளவு அவ்வளவுதான் என்று எல்லை வைத்தால் போதும், எதை வைப்பது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

ஒட்டடைக்கோல் எழுதியது:

மேசைக் குவியலை எழுதிப் பார்த்ததில் பாதி காகிதம், கால்வாசி சார்ஜர். வாசல் பக்கம் ஒரு தட்டும், சார்ஜருக்கு ஓர் இடமும் இல்லாததுதான் குறை என்று தெரிகிறது. கழித்த பிறகு மிஞ்சும் பருவ உடைகளுக்கும் சாமான் அறைக்கும் எப்படியும் ஐந்தாறு பெட்டி வேண்டும். சாமான் அறைத் தட்டு 40 செ.மீ. ஆழம், இரண்டு தட்டுக்கு நடுவே 34 செ.மீ. உயரம். எப்படி அளந்து வாங்குவது?

தட்டுமுட்டு எழுதியது:

பெட்டியில் ஒட்டியிருக்கும் அளவு பெரும்பாலும் வெளி அளவு, அதுவும் விளிம்பில் எடுத்தது. அடிப்பக்கம் குறுகிக்கொண்டே போகும் பெட்டிகள்தான் அதிகம். விளிம்பில் 40 இருந்தால் அடியில் 33 இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: தட்டில் உட்கார விளிம்பு அளவு, உள்ளே பொருள் கொள்ள அடி அளவு. பக்கங்கள் நேராக நிற்கும் பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள், ஒரே தட்டில் கூடுதலாகக் கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்று போகாது என்பதுதான் அதில் குறை.

ஆழம் 40 என்றால் விளிம்பு 38க்கு மேல் வேண்டாம். உயரம் 34 என்றால் மூடியோடு 30. மேலே 3, 4 செ.மீ. இல்லாவிட்டால் முன்பக்கத்தை லேசாகத் தூக்கி இழுக்க முடியாது, தட்டின் விளிம்பில் தட்டும். பெட்டிமேல் பெட்டி வைக்காமல் தட்டுக்கு ஒரு வரிசை. தட்டே இல்லாத இடத்தில் அடுக்கியே ஆகவேண்டும் என்றால் மூன்றுக்கு மேல் போகாதீர்கள், கனமானது அடியில்.

ஒரே வரிசைப் பெட்டியாக ஒரே தடவையில் வாங்குங்கள். மாடல் மாறினால் மூடி பொருந்தாது. அதற்கு முன் ஒன்று மட்டும் வாங்கி, நிரப்பி, ஒரு வாரம் அந்தத் தட்டில் வைத்து இழுத்துப் பாருங்கள். பரணுக்குப் போகும் பெட்டி நிரம்பியபின் 5 கிலோவைத் தாண்டக் கூடாது, ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இறக்கக்கூடிய எடை அது.

மூடியில் பெயர் எழுதாதீர்கள். மூடி இடம் மாறும், மேலே இன்னொன்று வந்தால் தெரியாது. முன்பக்கத்திலும் ஒரு பக்கவாட்டிலும் பெரிய எண் ஒட்டுங்கள். எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது போனில் ஒரே குறிப்பில் இருக்கட்டும், உள்ளடக்கம் மாறினால் அதை மாற்றினால் போதும், லேபிளைச் சுரண்ட வேண்டியதில்லை. சிறுவர் விளையாட்டுச் சாமான் கூடைக்கு மட்டும் எண் வேண்டாம். படம் ஒட்டுங்கள், மூடியும் வேண்டாம்.

சார்ஜருக்கு: மேசைக்குள் ஒளிக்காதீர்கள். பிளக் பாயிண்ட் இருக்கும் சுவரில், இடுப்பு உயரத்தில் 12 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சிறு தட்டு, விளிம்பில் நான்கு வெட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள் முனை. துளை போடும் முன் மரத்தூள் சொன்ன வயர் பாதையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்டுக்கு நேர் மேலே வேண்டாம், ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளி.